ஜான் போஸ்டல்: ஒரே மின்னஞ்சலில் இணையத்தின் பாதையை மாற்றிப் பார்த்தவர்

1998 ஜனவரி 28. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்த ஜான் போஸ்டல் என்ற கணினி விஞ்ஞானி, உலகின் 8 முக்கிய சர்வர்களை நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இணையப் பெயர்களின் மூலப் பட்டியலை இதுவரை எடுத்த இடத்தில் எடுக்க வேண்டாம், இனி என் சர்வரில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். 8 சர்வர்களும் அப்படியே மாறின. இணையத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் விஷயம் வெள்ளை மாளிகை வரை போனது.

யார் இந்த போஸ்டல்? அவர் சொன்னதும் ஏன் எல்லோரும் கேட்டார்கள்?

சரி, டிஎன்எஸ்னா என்ன?

காஞ்சிபுரம் பக்கத்தில் ஐயங்கார்குளத்தில் ஒருவர், 'டாட் இன்' என்று முடியும் ஓர் இணையதளத்தின் பெயரை மொபைலில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மட்டும் வைத்து அந்த சர்வரை எட்ட முடியாது. அதன் ஐபி எண் வேண்டும். மொபைல் முதலில் தன் நெட்வொர்க் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால், அது ரூட் சர்வரைக் கேட்கும்.

ரூட் சர்வர் முழு விடையையும் சொல்லாது. டாட் இன் விவகாரமா, இந்த சர்வரைக் கேள் என்று கைகாட்டும். அது இன்னொன்றைக் காட்டும். ஊருக்குப் புதுசா வந்தவர் விலாசம் கேட்பது மாதிரிதான். பேருந்து நிறுத்தத்தில் தெருவைச் சொல்வார்கள், தெருமுனையில் வீட்டைச் சொல்வார்கள். இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் ரூட் வரை போக வேண்டியதில்லை.

ரூட் சர்வர்களில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அதில் எது இருக்க வேண்டும் என்ற பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்தவர் போஸ்டல்.

கணக்கு வைத்திருந்தவர்

1943 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் அல்டடீனாவில் பிறந்தார் போஸ்டல். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராக இருந்தபோதுதான், 1969-இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் அங்கே தொடங்கியது. புது நெட்வொர்க்கில் எந்த எண் எதற்கு என்று யாராவது ஒருத்தர் குறித்து வைத்தாக வேண்டும். அந்த வேலையை போஸ்டல் எடுத்துக்கொண்டார். சலிப்பான வேலைதான், ஆனாலும் சாகும்வரை அவர் அதை விடவில்லை.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி ஆவணங்களின் ஆசிரியராகவும் அவரே 1969 முதல் கடைசி வரை இருந்தார். 1974-இல் முனைவர் பட்டம் பெற்றவர், 1977-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். நீண்ட தாடி, காலில் செருப்பு, பகட்டில்லாத தோற்றம் என்றே அவரைத் தெரிந்தவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பெயர்கள் ஒரே கோப்பில் இருந்த காலம்

ஆரம்பத்தில் நெட்வொர்க்கில் இருந்த எல்லா கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. புது கணினி வந்தால் அந்தக் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அதை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை.

மாற்று வழி தேடும் வேலையைத் தன் நிறுவனத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார் போஸ்டல். கையில் இருந்த பல யோசனைகளுக்கு நடுவில் ஒரு சமரசம் கண்டுபிடிப்பதுதான் கொடுத்த வேலை. மொக்கபெட்ரிஸோ புதிதாக ஒன்றையே வடிவமைத்தார். பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அந்தந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளும் முறை அது. 1983 நவம்பரில் அதன் விதிகள் வெளியாகின. அதுதான் இன்றைய டிஎன்எஸ்.

அடுத்த ஆண்டு, டாட் காம், டாட் எஜு, டாட் ஆர்க் போன்றவற்றோடு நாடுகளுக்கான 2 எழுத்துப் பெயர்களும் என்ற ஏற்பாட்டை போஸ்டல் தன் சக ஊழியர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸுடன் சேர்ந்து ஆவணமாக எழுதினார். ஒரு பெயருக்குக் குறைந்தது 2 சர்வர்களாவது இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று பதில் சொல்ல வேண்டுமே.

எது நாடு, எது நாடில்லை என்ற வம்புக்கே அவர் போகவில்லை. சர்வதேச தர நிர்ணய அமைப்பின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். இந்தியாவின் டாட் இன் 1989 மே மாதம் பதிவானதும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். அப்போது அதை நிர்வகித்தது மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம்.

பணம் உள்ளே வந்தது

1993 முதல் டாட் காம் போன்ற பெயர்களைப் பதிவு செய்யும் ஒப்பந்தம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. 1995-இல் பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் வந்தது. பெயர் என்பது பணம் என்றானதும், இது யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் வந்தது.

போஸ்டலின் அதிகாரத்துக்குப் பின்னால் இருந்தவை சில அரசு ஆராய்ச்சி ஒப்பந்தங்களும், அவர் மேல் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கையும்தான். ஐயங்கார்குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள உத்திரமேரூரில், 10-ஆம் நூற்றாண்டிலேயே ஊர் வாரியத்துக்கு யார் வரலாம், கணக்குக் காட்டாதவர் ஏன் வரக்கூடாது என்பதையெல்லாம் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். உலக இணையத்தின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்தவருக்கு அப்படி எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது.

அந்தச் சோதனை

அப்போது ரூட் சர்வர்கள் மொத்தம் 13. முதன்மையானது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வசம். மற்ற 12-உம் அதிலிருந்து பட்டியலை நகல் எடுக்கும். போஸ்டல் தன் நிறுவனத்தில் ஒரு சர்வரை அமைத்து, அதே பட்டியலை அதில் ஏற்றினார். பிறகு 12-இல் 8 சர்வர்களை அதிலிருந்து நகல் எடுக்கச் சொன்னார். அமெரிக்க அரசு, ராணுவத்துடன் தொடர்புடையவற்றை அவர் தொடவில்லை.

பட்டியலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனால்தான் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டிஎன்எஸ் சர்வரை மாற்றுகிற யாருக்கும் இன்றும் இதுதான் அளவுகோல்: மூலத்தை மாற்று, பதில் மாறக்கூடாது.

அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசைனர் தலையிட, போஸ்டல் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். நிர்வாகம் கைமாறினால் சிக்கல் வருமா என்று பார்த்த சோதனை என்பது அவர் தரப்பு விளக்கம். அமெரிக்க அரசுக்குத் தன் பலத்தைக் காட்டினார் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ இல்லை. ஆனால், நினைத்திருந்தால் முடிந்திருக்கும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

அதன் பிறகு

பெயர் நிர்வாகத்தை ஒரு லாப நோக்கமற்ற அமைப்பிடம் கொடுக்கும் பேச்சு அந்த ஆண்டு சூடுபிடித்தது. அதற்கான திட்டத்தை உருவாக்குவதில் போஸ்டலும் முன்னால் நின்றார். 1998 செப்டம்பர் 30-ஆம் தேதி ஐகேன் என்ற அந்த அமைப்பு பதிவானது. 16 நாட்கள் கழித்து, அக்டோபர் 16-ஆம் தேதி, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் இறந்தார். வயது 55.

ரூட் பட்டியலின் மேல் அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை 2016 அக்டோபர் 1 முதல் முடிவுக்கு வந்தது. 'டாட் இந்தியா', 'டாட் இலங்கை', 'டாட் சிங்கப்பூர்' எனத் தமிழ் எழுத்திலேயே எழுதப்படும் பெயர்களும் இன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு மாற்றம் வேண்டுமென்றால் இப்போது விண்ணப்பம், பரிசோதனை, ஒப்புதல் எனப் பல படிகளைத் தாண்ட வேண்டும். ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் போதாது.