வலியைத் தேடிய மருத்துவர்

வாணவெடிக்குப் பெயர்போன ஊர் எங்கள் வலங்கைமான். தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும், எரிந்த மத்தாப்புக் கம்பியை மிதித்துவிட்டுக் காலில் கட்டுடன் நொண்டி வருபவர் ஒருவராவது எங்களுள் இருப்பார். வலி என்ற ஒன்றை இறைவன் ஏன்தான் படைத்தாரோ என்று அப்போது நாங்கள் அழுததுண்டு. டாக்டர் பால் பிராண்ட் அவர்களின் வரலாற்றைப் படித்த பின் அப்படி அழ வாய் வரவில்லை.

சுடுகம்பியை மிதித்தவுடன் நடப்பது என்ன? தோலில் எங்கும் நுண்ணிய நரம்பு முனைகள் பரவியிருக்கின்றன. அவற்றுள் சில, சூடோ அழுத்தமோ அளவு மீறினால்தான் விழித்துக்கொள்ளும். அவை அனுப்பும் செய்தி தண்டுவடத்தை எட்டியதுமே, காலை இழுத்துக்கொள் என்ற ஆணை அங்கிருந்து தசைகளுக்குப் போய்விடுகிறது. மூளை வலியை உணர்வது அதற்குப் பிறகுதான். முதலில் சுரீரென்ற வலியை விரைவான நரம்பிழைகளும், பின்னால் வரும் எரிச்சலை மெதுவான இழைகளும் கொண்டு செல்கின்றன.

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று நம் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்து மலைமக்களுக்குத் தொண்டாற்றியவர்கள். ஒன்பது வயதில் அவரைப் படிப்பதற்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பினார்கள். 1929இல் தந்தை மலையிலேயே காய்ச்சலால் இறந்துபோனார். மகன் அவர் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை. இளைஞரான பிராண்ட் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகினார். பிறகே மருத்துவம் படித்தார். மருத்துவருக்குத் தச்சு எதற்கு என்று எங்களுக்குத் தோன்றியது. பின்னாளில் மனிதக் கைகளைச் செப்பனிட அந்தப் பழக்கம் உதவியிருக்கும் போலும்!

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கு உயிர் போகிற வலி! நோயாளியோ ஒன்றும் அறியாமல் நின்றார். அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் உணர்வு இல்லை என்று டாக்டர் கண்டுகொண்டார். நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்.

ஆனால் விரல்கள் குறைந்துகொண்டே போவது ஏன்? தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றே அந்நாளில் எல்லாரும் நம்பினார்கள். டாக்டருக்கு அதில் ஐயம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவர் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை எளிதாகத் திருகிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. அன்றுமுதல் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடலானார். சுடுபாத்திரம், மண்வெட்டிப் பிடி, செருப்பின் ஆணி என்று ஒவ்வொன்றாய் அகப்பட்டன. தூக்கத்தில் விரலை எலி கடித்தும் சிலர் விழிக்கவில்லையாம்! அதற்காக வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள் என்று படித்தபோது முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது; விரலைக் கெடுப்பது வலியின்மை. இந்த உண்மையைக் கண்ட பிறகே காயம் படாமல் வாழும் முறையைக் கற்றுக்கொடுப்பதும், மெத்தென்ற ரப்பர்ச் செருப்பும் சிகிச்சையில் சேர்ந்தன.

ஒருமுறை இங்கிலாந்தில் நெடுந்தூர ரயில் பயணம் முடிந்து, இரவில் காலுறையைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. மோலக்காய் தீவில் தொண்டாற்றிய புனித தமியான், கொதிநீர் பட்டும் கால் வலிக்காததால் 1884இல் தம் நோயை அறிந்தது போலத் தமக்கும் நேர்ந்துவிட்டதாக எண்ணி இரவு முழுதும் உறங்கவில்லை. காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது! நரம்பு மரத்துப் போயிருந்ததே காரணம். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னாராம்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்வற்ற கைகளுக்குக் கருவியால் செயற்கை வலி உண்டாக்கப் பல ஆண்டுகள் முயன்றும் பலிக்கவில்லை. எச்சரிக்கை ஒலித்தாலும் நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை; தொந்தரவாகத் தோன்றியபோது கருவியையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அங்கே சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் அவருடைய முறைகள் பயன்பட்டன. 2003 ஜூலை 8 அன்று அவர் காலமானார்.

எங்கள் வகுப்பில் ஒருத்தியின் பாட்டிக்குச் சர்க்கரை உண்டு. சென்ற கோடையில், களத்தில் நெல் காயப்போட்டபோது காலில் தைத்த முள்ளோடு பாட்டி இரண்டு நாள் நடந்திருக்கிறார். புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. இப்போது தினமும் படுக்கப் போகுமுன் அவள் விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு பாட்டியின் உள்ளங்காலைத் தடவிப் பார்க்கிறாள். கூச்சமாய் இருக்கிறது, விடடி என்று பாட்டி காலை இழுத்துக்கொள்ளும் நாளில் அவளுக்கு மகிழ்ச்சி தாங்காது.