குவீன் ஸ்திரீட்டில் தொடங்கிய உலகப் பயணம்

தோ பாயோவிலிருந்து குவீன் ஸ்திரீட்டுக்குச் சைக்கிளில் அரை மணி நேரம் போதும். பாலஸ்டியர் வழியாகச் சிராங்கூன் சாலையைப் பிடித்து, லிட்டில் இந்தியாவைக் கடந்தால் பூகிஸ் வட்டாரம் வந்துவிடும். அங்கு ஜோகூர் பாரு செல்லும் பேருந்துகளுக்காக மக்கள் வரிசைபிடித்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராம்நாத் பிஸ்வாஸின் நினைவு வரும்.

1931ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி அதே குவீன் ஸ்திரீட்டிலிருந்துதான் அவர் சைக்கிளில் புறப்பட்டார். வழியனுப்ப இங்கு வாழ்ந்த இந்தியர்கள் கூடியிருந்தனர். அவருக்கு வயது 37. கையில் இருந்தவை ஒரு சைக்கிள், ஒரு ஜோடி செருப்பு, இரண்டு போர்வை, சைக்கிள் பழுதுபார்க்கும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. வாரயிறுதியில் ஜோகூருக்குச் சைக்கிளில் போய்வரும் நம் நண்பர்கள்கூட இதைவிட அதிகமாக மூட்டை கட்டுவார்கள்! அன்று நம் தோ பாயோவில் ஒரு வீவக வீடும் கிடையாது. பெரிய சதுப்பு நிலம் என்ற தன் பெயருக்கேற்றபடி கிடந்த இடம் அது.

ராம்நாத் 1894 ஜனவரி 13ஆம் தேதி சில்ஹெட் பகுதியில் உள்ள பானியாசங் கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது. தந்தை இறந்ததும் பள்ளிப் படிப்பு நின்றுபோனது. ஹபிகஞ்சில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் வாகனம் பழுதுபார்க்கும் பட்டறையும் இருந்தது. சைக்கிளும் காரும் ஓட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆங்கிலேயரை எதிர்த்த அனுசீலன் சமிதி என்ற இரகசிய அமைப்புடன் அவருக்கிருந்த தொடர்பு வெளியே தெரிந்ததும் வேலை போய்விட்டது. பின்னர் முதல் உலகப் போரில் வங்காளப் படைப்பிரிவில் சேர்ந்து மெசபொட்டேமியா சென்றார். 1924ல் பிரிட்டிஷ் கடற்படை சார்ந்த வேலை ஒன்று அவரை மலாயாவுக்குக் கொண்டுவந்தது. நிலையான சம்பளத்தோடு அவர் இங்கேயே காலத்தைக் கழித்திருக்கலாம். ஏழு ஆண்டுகளில் அதை உதறிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

முதல் பயணத்தில் மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் வழியாகக் கனடா வரை சென்றார். அவர் புறப்பட்ட இரண்டே மாதங்களில் ஜப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. உலகமே கொந்தளித்துக்கொண்டிருந்த காலத்தில், சொந்த நாட்டையே அந்நியர் ஆண்டுகொண்டிருந்த ஒருவர் எல்லை எல்லையாகக் கடந்து போனார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய சைக்கிளோட்டிக்கு மழையும் பஞ்சராகும் டயரும்தான் கவலை.

1934ல் ஊர் திரும்பியவர் அதே ஆண்டில் மறுபடியும் கிளம்பிவிட்டார். இம்முறை ஆப்கானிஸ்தான், பாரசீகம், ஈராக், சிரியா, துருக்கி வழியாக ஐரோப்பாவைக் கடந்து இங்கிலாந்து வரை சென்றார். தன் நாட்டை ஆள்பவர்களின் மண்ணில் சைக்கிள் மிதித்தபோது உடம்பு சுத்தமாகத் தளர்ந்திருந்தது. 1936ல் கப்பலேறி பம்பாய்க்குத் திரும்பினார்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1938ல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். மொம்பாசாவில் இறங்கி, கென்யா, உகாண்டா, நியாசாலாந்து, ரொடீசியா எனத் தெற்கு நோக்கிச் சென்றார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை நேரில் பார்த்தார். அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்று 1940ல் நாடு திரும்பினார்.

பார்த்ததையெல்லாம் வங்காள மொழியில் எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. ஆப்பிரிக்கா, சீனா, அமெரிக்கா என ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நூல் அல்லது இரண்டு. சிங்கப்பூரில் தொடங்கிய இந்தக் கதையைத் தமிழில் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1947ல் பிரிவினை வந்தது. அவ்வளவு எல்லைகளைத் தாண்டியவரின் வாழ்க்கையிலேயே ஒரு புதிய எல்லை குறுக்கிட்டது. பானியாசங் பாகிஸ்தானுக்குப் போனது. கடைசியில் ராம்நாத் கல்கத்தாவில் குடியேறினார். 1955 நவம்பர் 1ஆம் தேதி அங்கேயே காலமானார். அந்நகரில் ஒரு சந்துக்கு அவர் பெயர் இருக்கிறது. பானியாசங்கில் அவர் பிறந்த வீட்டை மீட்டு நினைவிடமாக்க வேண்டும் என்று அண்மைய ஆண்டுகளில் வங்காளதேசத்துச் சைக்கிளோட்டிகளும் எழுத்தாளர்களும் குரல் கொடுத்து வருகிறார்கள்.

குவீன் ஸ்திரீட்டில் அவர் பெயர் தாங்கிய பலகை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. ஜோகூர் பேருந்துகள் மட்டும் வழக்கம்போல் அங்கிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கின்றன.