விருதுக்கு முன் வந்த இதழ்

1920 ஜனவரி 31-ல் பம்பாயிலிருந்து 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழ் வெளிவந்தது. பேச்சற்றவர்களின் தலைவன் என்று பொருள். நடத்தியவர் டாக்டர் அம்பேத்கர். அப்போது அவர் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர் என்பதால் ஆசிரியர் இடத்தில் அவர் பெயர் இல்லை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் தந்து உதவினார். திலகரின் 'கேசரி'யோ காசுக்குக்கூட அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது.

ஆய்வு நூல்களை ஆங்கிலத்தில் எழுதிய அம்பேத்கர், தம் மக்களிடம் அவர்கள் பேசும் மொழியிலேயே பேசினார். ஓர் இதழ் நின்றால் அடுத்ததைத் தொடங்கினார். மகாத் குளப் போராட்டத்தை அடுத்து 1927-ல் 'பகிஷ்கிருத பாரத்', 1930-ல் 'ஜனதா' வந்தன. 'ஜனதா'வே 1956-ல் 'பிரபுத்த பாரத்' ஆனது. அந்த ஆண்டு டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார்.

பாரத ரத்னா விருது 1954-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. அம்பேத்கருக்கு அது 1990-ல்தான், வி.பி. சிங் ஆட்சியில் கிடைத்தது. துணைவியார் சவிதா அம்பேத்கர் பெற்றுக்கொண்டார். இறந்து 34 ஆண்டுக்குப் பிறகு அரசு தந்த மரியாதை அது. மக்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அவர் வாழும்போதே பாபாசாகேப் என்று அழைத்துவிட்டார்கள்.

இன்று பல ஊர்களில் அவர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் மாலை போடுகிறோம். நம் தெருவில் நடப்பதை நாமே எழுத நம்மிடம் ஓர் இதழ் இருக்கிறதா? மாலைச் செலவில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குவோம்.