காலமறிந்த தீப்பொறி: இராபர்ட் பாஷ்

துணி துவைக்கும் இயந்திரம், சுவரில் துளையிடும் கருவி, வாகன உதிரிப்பாகம் எனப் பல பொருள்களின்மீது ‘பாஷ்’ என்னும் பெயரைக் காணலாம். அப்பெயரின் அருகே ஒரு வட்டமும், அதனுள் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தைப் போன்ற ஓர் உருவமும் இருக்கும். அஃது எழுத்தன்று. மேக்னெட்டோ என்னும் மின்கருவியின் உள்ளே சுழன்ற இரும்புப் பகுதியின் வடிவமே அது. கார் எஞ்சினுக்குத் தீப்பொறி தந்த அக்கருவியை உலகெங்கும் கொண்டுசென்றவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த இராபர்ட் பாஷ் ஆவார்.

இளமை

இராபர்ட் பாஷ் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வேளாண்மை செய்ததோடு, வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றையும் நடத்தினர். பன்னிரண்டு பிள்ளைகளுள் அவர் பதினொன்றாமவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் உல்ம் நகரில் நுண்கருவிகள் செய்யும் தொழிலைப் பயிலச் சேர்ந்தார். அங்குக் கிடைத்த பயிற்சி அவருக்கு மனநிறைவு தரவில்லை. கற்க வந்த இளைஞனுக்கு முறையாகக் கற்றுக்கொடுப்பார் இல்லையென்றால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதை அவர் அப்போதே உணர்ந்தார்.

பின்னர்ப் பல ஊர்களில் பணியாற்றினார். 1884ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று எடிசனின் நிறுவனத்திலும், அதன்பின் இங்கிலாந்தில் சீமென்ஸ் சகோதரர் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். தாயகம் திரும்பி, 1886ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஸ்டட்கார்ட் நகரில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருடன் இருந்தோர் ஒரு தொழிலாளியும், ஓர் எடுபிடிச் சிறுவனும் மட்டுமே. தொலைபேசி அமைத்தல், மின்மணி பொருத்துதல் போன்ற வேலைகளை அவர்கள் செய்துவந்தனர். தொடக்க ஆண்டுகளில் வருவாய் நிலையாக இல்லை. ஆட்களைக் குறைக்க வேண்டிய நிலையும் நேர்ந்தது.

தீப்பொறி எழ வேண்டிய நேரம்

பாஷின் பணியை அறிய, எஞ்சின் இயங்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எஞ்சினின் உருளைக்குள் செல்லும். பிஸ்டன் மேலேறி அக்கலவையை அழுத்தும். அவ்வேளையில் தீப்பொறி எழுந்தால், கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். அத்தள்ளலே சக்கரங்களைச் சுழற்றும் ஆற்றலாகிறது.

கலவை எரிந்து முடியச் சிறு கால அளவு தேவை. ஆகவே எஞ்சின் விரைந்து சுழலும்போது, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே பொறி எழ வேண்டும். மெதுவாகச் சுழலும்போது அவ்வளவு முந்தி எழுதல் கூடாது. அக்காலத்தில் காரின் முன்புறம் ஒரு கைப்பிடியைச் செருகி, கையால் சுற்றியே எஞ்சினைக் கிளப்பினர். அப்போது பொறி முந்திவிட்டால் பிஸ்டன் எதிர்த்திசையில் திரும்பும். கைப்பிடி பின்னோக்கி வேகமாக அடிக்கும். இவ்வாறு மணிக்கட்டு முறிந்தோர் பலர். ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதி பிழைத்தாலும் கை முறியும் என்னும் நிலை இருந்தது.

மேக்னெட்டோ

தொடக்ககாலக் கார்களுள் சிலவற்றில் நெருப்பால் சூடேற்றிய குழாய் கலவையைப் பற்றவைத்தது. பெட்ரோலுக்கு அருகில் நெருப்பு எரிவது ஆபத்தானது. வேறு சில மின்கலத்தை நம்பின. வழியில் மின்கலம் தீர்ந்தால் கார் நின்றுவிடும். காந்தத்திற்கு நடுவே கம்பிச்சுருளை அசைத்துத் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவுக்கு இவ்விரு குறைகளும் இல்லை.

1887ஆம் ஆண்டு, வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதற்கிணங்க, ஓரிடத்தில் நிலையாக நிற்கும் எஞ்சினுக்கு ஒரு மேக்னெட்டோவைப் பாஷ் செய்துகொடுத்தார். அவ்வகைக் கருவி முன்பே இருந்தது; அவர் அதைத் திருத்தமாகச் செய்தார். 1897ஆம் ஆண்டு, பிரெடரிக் சிம்ஸ் என்னும் ஆங்கிலேய வணிகரின் வேண்டுகோளால், மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றில் அதனைப் பொருத்தும் பணி வந்தது. பழைய மேக்னெட்டோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சுற்று சுழலும் எஞ்சினுக்கு ஏற்றது. அவ்வண்டியின் எஞ்சினோ நிமிடத்திற்கு 1800 சுற்று வரை சுழன்றது. பட்டறையின் தொழில்நுட்பர் அர்னால்டு சேரிங்கர் இதற்கு வழி கண்டார். கனமான கம்பிச்சுருளை அசைப்பதற்கு மாறாக, அதைச் சூழ்ந்த இலேசான உலோக உறையை அவர் அசையச் செய்தார். கருவி வேகத்தை எட்டியது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. உருளைக்குள் இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரியும்போதே பொறி எழுந்தது. அவற்றை வெளியிலிருந்து இயக்கிய தண்டுகள் நாளடைவில் தேய்ந்தன. பொறியின் நேரம் தவறியது. சிறுவயதில் அதே பட்டறையில் தொழில் பயின்ற காட்லோப் ஹோனால்டு, படித்துப் பொறியாளராகித் திரும்பி வந்தார். 1902ஆம் ஆண்டு அவர் உயரழுத்த மின்சாரம் தரும் மேக்னெட்டோவையும், அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். உருளைக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லாமலே பொறி எழுந்தது. பாஷ் சின்னத்தை 1918ஆம் ஆண்டு வரைந்தவரும் இவரே.

நெம்புகோலும் தண்டும்

பொறியின் நேரத்தை மாற்றும் பொறுப்பு அக்காலத்தில் ஓட்டுநரிடமே இருந்தது. பல கார்களில் ஸ்டியரிங் சக்கரத்தின் அருகே ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. அங்கிருந்து மெல்லிய தண்டுகளும் மூட்டுகளும் மேக்னெட்டோவரை சென்றன. நெம்புகோலை நகர்த்தினால், மின்சுற்றைத் துண்டிக்கும் பகுதி சற்றுத் திரும்பும். பொறி முந்தும் அல்லது பிந்தும். கிளப்பும்போது பிந்தவும், ஓடும்போது முந்தவும் செய்வது நல்ல ஓட்டுநரின் பழக்கம். பிற்காலத்தில் இவ்வேலையை எஞ்சினே தானாகச் செய்துகொண்டது.

இன்று பழங்கார்களைப் பேணுவோருக்கு இத்தண்டுகள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை; பட்டறையில் புதிதாகச் செய்ய நேர்கிறது. தண்டின் முனையில் மரை வெட்டி, அதைத் திருகி நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் நேரத்தைச் சரிசெய்வர். மூட்டில் சிறிது தளர்ச்சி இருந்தாலும், கை நகர்த்திய அளவு கருவி நகராது. தேய்மானம் சிறிதாயினும் பொறுத்தல் ஆகாது என்பதை அத்தொழில் கற்பிக்கிறது.

முதலாளியாகப் பாஷ்

குறையுள்ள பொருளை விற்றுப் பணம் ஈட்டுவதைக் காட்டிலும், நம்பிக்கையைக் காத்துப் பணத்தை இழப்பதே மேல் எனப் பாஷ் கருதினார். நேரத்தை அளந்த அவர், தொழிலாளரின் நேரத்தையும் மதித்தார். பல ஆலைகளில் நீண்ட நேரம் உழைத்த அக்காலத்தில், 1906ஆம் ஆண்டு தம் ஆலையில் எட்டு மணி நேர வேலைமுறையைக் கொண்டுவந்தார். 1913ஆம் ஆண்டு இளைஞர்களுக்கெனத் தனிப் பயிற்சிப் பட்டறை அமைத்தார். தமக்குக் கிடைக்காத பயிற்சி பிறருக்குக் கிடைக்கவேண்டும் என எண்ணினார். 1940ஆம் ஆண்டு ஸ்டட்கார்ட்டில் அவர் பெயரால் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அவருடைய இறுதிக்காலம் இருண்டது. ஹிட்லரின் ஆட்சியை அவர் வெறுத்தார். துன்புற்ற யூதர்களுக்கு அவரும் அவருடைய நெருங்கிய அலுவலர்களும் உதவினர். ஆயினும் அதே நிறுவனம் போருக்கான பொருள்களைச் செய்தது. கட்டாயப்படுத்தி அழைத்துவரப்பட்ட மக்களும் அதன் ஆலைகளில் உழைத்தனர். அவர் வாழ்வை எழுதுவோர் இதனை மறைத்தல் இயலாது.

1942ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாஷ் மறைந்தார். நிறுவனத்தின் ஆதாயம் பொதுநலப் பணிக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படி, இன்று அந்நிறுவனப் பங்குகளின் பெரும்பகுதி அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் உள்ளது. 1922ஆம் ஆண்டு கல்கத்தாவில் விற்பனையைத் தொடங்கிய நிறுவனம், 1951ஆம் ஆண்டு இந்தியாவில் மைக்கோ என்னும் பெயரில் வேரூன்றியது. பெங்களூரு ஆலையில் உருவான மைக்கோ ஸ்பார்க் பிளக்கை நம் நாட்டு மெக்கானிக்குகள் பலரும் அறிவர்.

சிந்தித்து எழுதுக

1. எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும்போது பொறி முந்தி எழுந்தால் என்ன நேரும்?
2. பழைய மேக்னெட்டோவின் குறைகளைச் சேரிங்கரும் ஹோனால்டும் எவ்வாறு நீக்கினர்?
3. தாம் பெற்ற குறையான பயிற்சியிலிருந்து பாஷ் கற்றுக்கொண்டது யாது?
4. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் நிறைகளோடு குறைகளையும் எழுதுதல் தேவையா? உன் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.