மைக்கேல்சன் அளந்த நூறு அளவுகள்

ஒளியின் வேகத்தை அளப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட ஆல்பர்ட் ஆபிரகாம் மைக்கேல்சன், 1852 டிசம்பர் 19-ஆம் நாள், அன்று பிரஷ்ய ஆட்சியிலிருந்த ஸ்ட்ரெல்னோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். தந்தை சுரங்க ஊர்களில் வாணிபம் செய்தவர். அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் எளிதில் இடம் கிடைக்கவில்லை. 1869-ல் அவர் வாஷிங்டன் சென்று ஜனாதிபதி கிராண்டையே நேரில் கண்டு இடம் பெற்றார். (விண்ணப்பத்துடன் அலைந்தவர்களுக்கு அந்தத் துணிவின் அருமை தெரியும்!) 1873-ல் தேறியபின் அங்கேயே ஆசிரியரானார்.

1879 ஜூன் 5 முதல் ஜூலை 2 வரை, மாமனார் அளித்த 2,000 டாலர் உதவியுடன், சுழலும் கண்ணாடியைக் கொண்டு ஒளியின் வேகத்தை நூறு முறை அளந்தார். சராசரி வினாடிக்கு 299,852.4 கிலோமீட்டர். திருத்தங்களாக 92-ஐச் சேர்த்து 299,944 என்றும், பிழை 51-க்குள் என்றும் அறிவித்தார். 1983-ல் நிர்ணயிக்கப்பட்ட வேகமோ 299,792.458. பிழை அவர் எண்ணியதைவிட மிகுதி.

ஆயினும் அந்த நூறு எண்கள் வீண்போகவில்லை. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம், புள்ளியியல் மென்பொருள்களைச் சோதிக்கும் மேற்கோள் தரவுகளில் அவற்றையும் சேர்த்துள்ளது. ஆயிரம் கிலோமீட்டர் அலகில் அவை 299.85, 299.74, 299.90 என ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. சிக்கலே இதுதான். திட்ட விலக்கம் காண நாம் செய்முறை வகுப்பில் கையாளும் சுருக்கு வழியில், வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8991146.80, கழிக்க வேண்டியது 8991146.18. ஏழு இலக்கங்களை மட்டும் காக்கும் கணிப்பொறிக்கு இவை 8991147, 8991146 ஆகிவிடும். வித்தியாசம் 0.62-க்குப் பதிலாக 1! திட்ட விலக்கம் 0.0790 என வரவேண்டியது 0.1005 ஆகிவிடும். சூத்திரம் சரி, விடை தவறு. முதலில் சராசரியைக் கண்டு, விலக்கங்களை வர்க்கப்படுத்தினால் இத்தொல்லை பெருமளவு நீங்கும்.

வேடிக்கை என்னவெனில், ஒளியின் உண்மையான வேகத்தைச் சராசரியாகத் தரும் மென்பொருள் இத்தேர்வில் தோற்றுவிடும். அங்கே கேட்கப்படுவது அந்த நூறு எண்களின் சராசரி மட்டுமே.

1887-ல் மார்லியுடன் நடத்திய ஈதர் சோதனை அவர் புகழை நிலைநிறுத்தியது. 1907-ல் நோபல் பரிசு பெற்றார். அறிவியலில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. ஆனால் பழைய அளவை அவர் விடவில்லை. கலிபோர்னியாவில் ஒரு மைல் நீளக் குழாயில் காற்றை அகற்றி மீண்டும் அளக்க முற்பட்டார். அப்பணி நடந்துகொண்டிருக்கையில், 1931 மே 9-ஆம் நாள், பாசடீனாவில் காலமானார். எஞ்சிய அளவுகளை உடனுழைத்தவர்கள் எடுத்து முடித்தனர்.