சாயப்பூச்சி தேடிய டாக்டர் ஆண்டர்சன்: விதை இறக்குமதி செய்வோருக்கு ஒரு பாடம்

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகள் ராயபுரம், புளியந்தோப்பு பகுதிச் சாலைகள் வழியே கண்டெய்னர் லாரிகளில் செல்கின்றன. அவற்றில் விதையோ நாற்றோ இருந்தால், தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலர்கள் பரிசோதித்து விடுவித்த பிறகே வெளியே எடுக்கலாம். இந்தப் பரிசோதனை ஏன் தேவை என்பதற்கு டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் வாழ்க்கை நல்ல சான்று.

1738-ல் பிறந்த ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, தலைமை மருத்துவராக உயர்ந்தார். மல்பெரி, பட்டுப்புழு எனப் புதியவற்றை இங்கு வளர்க்க ஆர்வம் காட்டினார். சிவப்புச் சாயம் தரும் கொச்சினியல் பூச்சி அப்போது ஸ்பெயின் வசமிருந்த மெக்சிகோவில் கிடைத்தது. அதை இங்கே வளர்ப்பதே அவர் கனவு.

1786-ல் சென்னைக் கடற்கரைப் புல்லில் கண்ட ஒரு பூச்சியைச் சாயப்பூச்சி என்று நம்பி, லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அது வேறு பூச்சி. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. வெளிநாட்டுக் கள்ளி வகைகளை வரவழைத்து, சைதாப்பேட்டையில் தோட்டம் அமைத்தார்.

1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கப்பலில் பூச்சிகள் வந்தன. அவை சென்னைக்கும் அனுப்பப்பட்டன. வந்தது சரியான இனம்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அன்று இல்லை. அது தரம் குறைந்த வேறோர் இனம். சாயத் தொழில் நிலைக்கவில்லை. 1800-ல் தோட்டம் மூடப்பட்டு, செடிகள் பெங்களூரு லால்பாக்குக்குச் சென்றன. ஆண்டர்சன் 1809-ல் காலமானார்.

அந்தப் பூச்சியோ நாட்டில் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியைத் தின்று பெருகியது. பின்னர் 1836–38-ல் கள்ளியை ஒழிக்கவே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அழிந்தது களை என்பதால் நமக்கு நன்மை. அது பயிராக இருந்திருந்தால்?

அதற்கும் விடை பார்த்துவிட்டோம். 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடியது. அதன் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து முறையான அனுமதியுடன் ஒட்டுண்ணிகளை வரவழைத்து, தொற்றுத்தடுப்புக் கூடத்தில் சோதித்த பிறகே வயலில் விட்டார்கள். மாவுப்பூச்சி கட்டுப்பட்டது. ஆண்டர்சன் காலத்தில் இல்லாத சோதனை இதுதான்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1914-ல் வந்தது. இன்று 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை நடைமுறையில் உள்ளது. விதைக்க விதை வரவழைப்போர் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் உடன் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஒரு பொட்டலம் விதை கேட்பதையும் தவிருங்கள். விதைக்குள் இருக்கும் நச்சுயிரியும் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாது.