நுண்மை கண்ட அம்மையார்

சாண், முழம், விரற்கடை என்று உடம்பையே அளவுகோலாகக் கொண்டு வாழ்ந்தவர் நம் முன்னோர். பூ விற்கும் பெண் இன்றும் முழத்தைக் கையால்தான் அளக்கிறாள். ஆனால் முன்னோர் விரலோடு நின்றுவிடவில்லை. விரலை எட்டாக்கினால் நெல். நெல்லை எட்டாக்கினால் எள். எள்ளை எட்டாக்கினால் சிறுகடுகு. அதன்பின் நுண்மணல், மயிர், பஞ்சிழை, தேர்த்துகள் என்று எட்டெட்டாகப் பகுத்துக்கொண்டே போய், அணு என்று ஓர் எல்லை கட்டினர். கண்ணுக்குப் புலப்படாத சிறுமைக்கும் அளவு உண்டு என்பது அவர்கள் துணிபு. அவர்கள் மனத்தாலே பகுத்த அத்தகைய நுண்மையைக் கருவியின் துணையால் கண்ணாலே கண்டு, வாழ்நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. அவரே டாக்டர் ஜானகி அம்மாள்.

1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், வட கேரளத்துத் தலைச்சேரியில் அவர் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன், நீதித்துறையில் பணியாற்றியவர். செடி கொடிகளிடம் பற்றுடையவர். பெண்களுக்குப் பள்ளிப் படிப்பே அரிதாக இருந்த காலம் அது. ஜானகியோ சென்னைக்கு வந்தார். இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர்ப் பார்பர் உதவித்தொகை பெற்றுக் கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். திருமண வாழ்வை அவர் நாடவில்லை. அறிவையே துணையாகக் கொண்டார்.

அவர் எண்ணியது எதை? தலைமயிர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செல்லின் உட்கருவில் குரோமோசோம்கள் என்னும் இழைகள் உள்ளன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மரபை ஏந்தி வருபவை அவைதாம். பெரும்பாலான செடிகளில் ஒரு குரோமோசோமின் நீளம் ஒன்று முதல் பத்து மைக்ரான் வரைதான். நம் உடலின் செல் ஒன்றிலே 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டி வைத்தால் இரண்டு மீட்டர் வரும். ஆளை விட உயரம்! அது அடங்கிக் கிடக்கும் உட்கருவோ சில மைக்ரான் அகலமே உடையது. இவற்றை எண்ணுவது எளிதன்று. மனிதனுக்கு 48 என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 46 என்று தெளிந்தது 1956-இல்தான்.

செடியின் வேர்நுனியில் செல்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கும். அந்த நுனியைக் கொய்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டின்மேல் நசுக்கிப் பரப்பி, நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இழைகளைப் பிரித்தறிந்து எண்ணவேண்டும். கண் சற்றே தவறினால் கணக்குத் தவறும். இந்தத் தவத்தைத்தான் அம்மையார் மேற்கொண்டார்.

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணி ஏற்றார். அங்கிருந்து வாளையாறு வழியாகக் கணவாயைக் கடந்தால் பாலக்காடு. பாரதப்புழையின் மணற்கரையில் நாணல் அடர்ந்து நிற்கும். கரும்பின் காட்டு உறவு அது. தித்திப்பு இல்லை, ஆனால் வறட்சியைத் தாங்கும், நோயை எதிர்க்கும். இனிக்கும் தடித்த கரும்பையும் இந்த நாணலையும் மணமுடித்துத்தான் கோவை நிலையத்தார் நம் மண்ணுக்கேற்ற கரும்புகளைப் படைத்தனர். 1918-இல் வெளிவந்த கோ 205 அவற்றுள் புகழ் பெற்றது.

தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம்கள். கோவை நாணலுக்கு 64. நாணல் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை அது மாறும்! கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் புற்கள் கருவுக்குள் வேறாக இருக்கின்றன. எதை எதனோடு கலப்பது, பிறந்தது உண்மையான கலப்புத்தானா என்பதற்கெல்லாம் விடை அந்தச் சில மைக்ரான் இழைகளில் இருந்தது. அம்மையார் கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்தார், மூங்கிலோடும் கலந்தார். இடுக்கி மலையிலே மறையூர் வெல்லத்தைச் சுவைப்போர் பலர். அதற்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரும்பின் இனிமைக்குப் பின்னே எத்தனை பேர் கண்வலிக்க எண்ணிய கணக்கு இருக்கிறது என்பதை நாம் நினைப்பதுண்டா?

1940-இல் இலண்டனில் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அப்போது அந்நகரின்மேல் செருமானியரின் குண்டுகள் பொழிந்துகொண்டிருந்தன. இரவில் கட்டிலின் அடியில் ஒதுங்கிவிட்டு, காலையில் உடைந்த கண்ணாடியைத் துடைத்தெறிந்து வேலையைத் தொடர்ந்தார் என்பர். 1945-இல் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் தொகுதி ஒன்றை நூலாக வெளியிட்டார். பின்னர் விசிலித் தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். நம் செங்காந்தள் கிழங்கிலும் உள்ள கொல்சிசின் என்னும் நச்சுப் பொருளை இட்டுக் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அங்கே பூத்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1970-இல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியது. ஓய்வு கொள்ளும் வயது அன்றோ? அந்த வேளையில்தான் பாலக்காட்டு மலையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மனிதர் விடுத்த அழைப்பன்று, காடு விடுத்த அழைப்பு!

பாலக்காட்டு மாவட்டத்தின் வடகோடியில் அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. குந்திப்புழை அதன் நடுவே ஓடுகிறது. அங்கே சுமார் 130 மீட்டர் உயரத்தில் அணை எழுப்பி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டனர். இடுக்கியில் பேரணை எழுந்து விளக்கெரியத் தொடங்கிய காலம் அது. மின்சாரம் வேண்டாமென்று யார் சொல்வார்? வீட்டுக்கு விளக்கும் ஆலைக்கு ஆற்றலும் வேண்டியவைதாம். ஆனால் அணை எழுந்தால் 830 எக்டேர்க் காடு நீரில் மூழ்கும். போனால் திரும்பாத செல்வம் எது என்று சொல்ல ஒருவர் வேண்டுமே!

அம்மையார் எதிர்ப்புக் குரல்களோடு தம் குரலைச் சேர்த்தார். முழக்கத்தோடு அவர் நிற்கவில்லை. தமக்குத் தெரிந்த தொழிலைச் செய்யத் துணிந்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். காட்டை வெட்டுமரக் கணக்காகப் பார்ப்போர் கன அடியில் அளந்தனர். அணை கட்டுவோர் மீட்டரில் அளந்தனர். அவர் மைக்ரானில் அளந்தார். 130 மீட்டர் அணைக்கு முன்னே ஐந்து மைக்ரான் இழை எம்மாத்திரம்? அணை அதைப்போல 2 கோடியே 60 லட்சம் மடங்கு பெரியது. ஆயினும் அந்த இழையை மீண்டும் படைக்க எந்தப் பொறியாளராலும் இயலாது. நாணலில் இருந்து நல்ல கரும்பைப் பெற்றவர்க்குத் தெரியும்: இன்று பயனற்றதாகத் தோன்றும் காட்டுச்செடியில்தான் நாளைய பயிரின் உயிர் ஒளிந்திருக்கிறது.

பலர் சேர்ந்து தேர் இழுத்தனர். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில் அம்மையார் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த நற்செய்தியைக் கேட்க அவர் இல்லை.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் கணவாய் வழியே ஊர் செல்லும்போது ஆற்றங்கரை நாணலைச் சற்று நின்று பாருங்கள். அதன் உயரத்தைக் கண் சொல்லிவிடும். அதன் அருமையைச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். அதனினும் மேலாக, சிறியதைச் சிறுமையென்று எண்ணாத ஓர் உள்ளம் வேண்டும். ஜானகி அம்மையாரிடம் இரண்டும் இருந்தன.